மூணு எழுத்து: கல்யாணப் பத்திரிகையை ஏன் இன்ஸ்டால் பண்ணணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை எங்க பெரியப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்குது.

போன தை மாசம். ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். பெரியப்பா போன் பண்ணார். ரிட்டயர்டு ஆசிரியர். எந்தப் பேப்பரையும் முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட மாட்டார்.

"தம்பி, வாட்ஸ்அப்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்குடா. தொட்டா இன்ஸ்டால் பண்ணவான்னு கேக்குது. பத்திரிகையை எதுக்குடா இன்ஸ்டால் பண்ணணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியப்பா, முதல்ல கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. அந்த ஃபைல் பேரைக் கடைசி வரைக்கும் படிங்க."

"வெட்டிங் இன்விடேஷன்... ஒரு புள்ளி... அப்புறம் ஏ, பி, கே."

அது பத்திரிகை இல்லை. ஆண்ட்ராய்டு ஆப். 2024-லேயே இந்தியாவில் போலீஸ் இதைப் பற்றி எச்சரிக்கை கொடுத்திருந்தது. கல்யாண அழைப்பு என்ற பேரில் ஆப் வரும், இன்ஸ்டால் செய்தால் போனில் இருக்கும் தகவலெல்லாம் வேறொருவன் கைக்குப் போகும், பேங்க் கணக்கு வரைக்கும் ஆபத்து. டெலிட் பண்ணச் சொன்னேன். பண்ணிட்டார். ஆனா போனை வைக்கல.

"அந்த வால்ல இருக்கிற மூணு எழுத்தை யாருடா போடுறது? யார் வேணா போடலாமா? அதை நம்பியா கம்ப்யூட்டர் நடக்குது?"

அன்னைக்கு ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். இன்ஜினியரிங் படிச்சு ஆறு வருஷமா கோட் எழுதுறேன், ஆனா அந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒழுங்கான பதில் இல்லை. அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

போர்டுல எம்பிபிஎஸ்

முதலில் சுலபமான பகுதி. ஒரு ஃபைலுக்குள்ளே இருப்பது வெறும் எண்கள். பாட்டாக இருந்தாலும், போட்டோவாக இருந்தாலும், உங்க ரெஸ்யூமேவாக இருந்தாலும், டிஸ்க்கில் இருப்பது பைட் வரிசைதான். அந்த வரிசையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான குறிப்புதான் பேருக்குக் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷன். டாட் ஜேபிஜி என்றால் படமாகப் படி, டாட் எம்பி3 என்றால் ஒலியாகப் படி.

குறிப்பு என்று சொன்னதைக் கவனிங்க. ஒரு கிளினிக் வாசலில் பேருக்குப் பக்கத்தில் எம்பிபிஎஸ் என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நாம் உள்ளே போகிறோம். பெரும்பாலும் உள்ளே உண்மையான டாக்டர்தான் இருப்பார். ஆனா அந்த எழுத்தை போர்டில் எழுதியதால் அவர் டாக்டர் ஆகவில்லை. போலி டாக்டரும் அதே பெயிண்ட்டில்தான் எழுதுவார்.

இதை நான் கத்துக்கிட்டது அவமானப்பட்டுத்தான். காலேஜ் முதல் வருஷம். அசைன்மென்ட்டை பிடிஎஃப் ஆகக் கேட்டாங்க. என்கிட்ட வேர்ட் ஃபைல் இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி டெட்லைன். ரீநேம் பண்ணி, டாட் டாக்எக்ஸை அழிச்சு, டாட் பிடிஎஃப்னு போட்டு அனுப்பிட்டேன். ஐகான்கூட மாறிடுச்சு! ரொம்பப் பெருமையா தூங்கப் போனேன். மறுநாள் மேடம் கிளாஸ்ல ப்ரொஜெக்டர் போட்டு அந்த ஃபைலைத் திறந்து காட்டினாங்க. திறக்கல. போர்டை மாத்தினா டாக்டர் மாற மாட்டார்னு அன்னைக்குப் புரிஞ்சது.

சரி, இப்படி ஒரு ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

முப்பத்தாறு பிட்டில் ஒரு பேர்

1961-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் சிடிஎஸ்எஸ் என்ற சிஸ்டத்தை முதன்முதலில் இயக்கிக் காட்டினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்பது அன்றைக்குப் புதுசு. பல பேர் என்றால் பல ஃபைல். பல ஃபைல் என்றால் பேர் வைக்க வேண்டும். சிடிஎஸ்எஸ்-ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு பேர் இருந்தது. முதல் பேர் நாம் வைப்பது. இரண்டாவது பேர் அது என்ன வகை என்று சொல்வது. ஒவ்வொன்றும் ஆறு எழுத்து வரைக்கும்.

ஏன் ஆறு? அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவை கையாளும் அளவு, அதாவது ஒரு வேர்ட், 36 பிட். ஒரு எழுத்துக்கு 6 பிட். ஆறாறு முப்பத்தாறு. ஒரு பேர், ஒரு வேர்ட். மிச்சம் ஒரு பிட் கிடையாது.

அடுத்து டெக் என்கிற கம்பெனி. 1964-ல் அவர்கள் கொண்டுவந்த பிடிபி-6, அதற்குப் பின் வந்த பிடிபி-10 இரண்டுமே 36 பிட் மெஷின்கள். இங்கேயும் ஃபைல் பேர் ஆறு எழுத்து, ஒரு வேர்ட் முழுக்க. வகைக்கு மட்டும் அரை வேர்ட், 18 பிட். மீதி அரை வேர்ட் சிஸ்டத்தின் வேறு தகவலுக்கு. பதினெட்டை ஆறால் வகுத்தால் மூணு.

அவ்வளவுதான். நாம் இன்றைக்கும் மூணு எழுத்து போடுவதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அரை வேர்டில் மூணு எழுத்துதான் உட்கார்ந்தது.

இந்த வால் ஏன் தேவைப்பட்டது என்பதும் சுவாரசியம். ஒரு புரோகிராமர் சம்பளக் கணக்குக்கு ஃபோர்ட்ரானில் புரோகிராம் எழுதுகிறார். அதைக் கம்பைல் செய்தால் இன்னொரு ஃபைல் வருகிறது. இரண்டும் ஒரே வேலையைச் சேர்ந்தவை, அதனால் ஒரே பேர் இருப்பதுதான் நியாயம். ஆனா ஒன்று மனுஷன் எழுதியது, இன்னொன்று மெஷின் உருவாக்கியது. அண்ணன் தம்பிக்கு ஒரே இனிஷியல் மாதிரி பேர் பொது, வால் மட்டும் வேறு. டெக் சிஸ்டத்தில் எஃப்4 என்று முடிந்தால் ஃபோர்ட்ரான், எம்ஏசி என்று முடிந்தால் அசெம்ப்ளி, ஆர்இஎல் என்று முடிந்தால் கம்பைல் ஆனது.

அப்போது அந்த வாலைப் போட்டவரும் படித்தவரும் அநேகமாக ஒரே ஆள். தன் டப்பாவுக்குத் தானே லேபிள் ஒட்டுவது மாதிரி. சமையல்கட்டில் அம்மா உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதினால், அம்மாவை ஏமாற்ற யாரும் இல்லை. பெரியப்பாவின் கேள்வி அங்கே எழவே இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தவர்கள்

அதே காலத்தில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸ், வாலுக்குத் தனி இடமே கொடுக்கவில்லை. பேருக்கு மொத்தம் 14 எழுத்து. புள்ளியும் அதில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். சி கம்பைலர் மாதிரி சில புரோகிராம்கள் டாட் சி என்று எதிர்பார்க்கும். ஆனா சிஸ்டத்தின் மையத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அப்போ ஒரு ஃபைல் என்னன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? திறந்து முதல் சில பைட்டைப் பார். அதற்கு மேஜிக் நம்பர் என்று பேர். 1973-லேயே யுனிக்ஸில் ஃபைல் என்று ஒரு கமாண்ட் வந்துவிட்டது. பேரை நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்து, இது இன்னது என்று சொல்லும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் இப்பவே டெர்மினலில் ஓட்டிப் பார்க்கலாம். நான் காலேஜில் அனுப்பிய அந்தப் போலி பிடிஎஃப்-பைக் கொடுத்திருந்தால், ஒரு நொடியில் மாட்டியிருப்பேன்.

1984-ல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் மூன்றாவது வழியில் போனது. ஒவ்வொரு ஃபைலோடும் நாலு எழுத்தில் ஒரு டைப் கோட், நாலு எழுத்தில் ஒரு கிரியேட்டர் கோட். இது என்ன, எந்த ஆப் உருவாக்கியது என்ற இரண்டும் பேருக்கு வெளியே, சிஸ்டத்திடம் பத்திரமாக இருந்தது. பேரை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், வால் தேவையில்லை. அழகான ஏற்பாடு. ஒரே சிக்கல், ஃபைல் மேக்கை விட்டு வெளியே போனால் அந்தத் தகவல் தொலைந்துவிடும். பேர் மட்டும்தான் எல்லா ஊருக்கும் போய்ச் சேரும். உலகமெல்லாம் ஃபைல் அனுப்பிக்கொள்ளும் காலம் வந்தபோது ஆப்பிளும் இறங்கிவந்தது. 2001-ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் வாலைச் சேர்த்துக்கொண்டது.

எட்டும் மூணும்

ஜெயித்தது மூணு எழுத்துதான். அதற்குக் காரணம் கேரி கில்டால். 1974 வாக்கில் அவர் சின்னக் கம்ப்யூட்டர்களுக்காக சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். டெக் மெஷின்களில் வேலை செய்து பழகியவர், அதனால் அந்தப் பழக்கங்களும் கூடவே வந்தன. பேருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூணு. இப்போது 36 பிட் வேர்ட் எல்லாம் இல்லை, பைட் வந்துவிட்டது. ஆனா அந்த மூணு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

டிஸ்க்கில் ஒரு ஃபைலுக்கான பதிவு 32 பைட். அதில் எட்டு பைட் பேர், மூணு பைட் வகை. நாம் டைப் செய்யும் அந்தப் புள்ளி டிஸ்க்கில் எழுதப்படவே இல்லை. இடம் நிலையானது என்பதால் புள்ளி தேவையில்லை, திரையில் நமக்காகப் போட்டுக் காட்டினார்கள்.

டிம் பேட்டர்சன் 1980-ல் எழுதிய டாஸ் அதே 8.3 அமைப்பை எடுத்துக்கொண்டது. அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981-ல் ஐபிஎம் பிசி-யோடு அது உலகம் முழுக்கப் போனது. ஜேபெக் என்ற நாலு எழுத்து ஜேபிஜி ஆனதும், ஹெச்டிஎம்எல் சில இடங்களில் ஹெச்டிஎம் ஆனதும் இதனால்தான்.

டாஸில் வால் வெறும் லேபிளாக நிற்கவில்லை. காம், இஎக்ஸ்இ, பேட் என்று முடிந்தால் கமாண்டாக இயக்கும், வேறு எது என்றாலும் இயக்காது. விண்டோஸ் வந்ததும் இன்னும் ஒரு படி. ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் வாலைப் பார்க்கும், எந்த வாலுக்கு எந்த ஆப் என்ற பட்டியலைப் பார்க்கும், அந்த ஆப்பிடம் கொடுக்கும். லேபிள் எழுதியவர் சொன்னதுதான் சட்டம்.

இதுகூடப் பரவாயில்லை. டாஸ் பயன்படுத்தியவர்கள் கண்ணுக்கு அந்த மூணு எழுத்து எப்போதும் தெரிந்துகொண்டிருந்தது. கெட்டது அடுத்த முடிவில்தான்.

போர்டை மறைச்சாங்க

1995 ஆகஸ்ட். விண்டோஸ் 95. இனி எட்டு எழுத்துக் கட்டுப்பாடு இல்லை, 255 எழுத்து வரைக்கும் பேர் வைக்கலாம். எல்லோருக்கும் சந்தோஷம். சாதாரண மக்கள் வீட்டுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வருகிறது, இந்த டாட் டிஎக்ஸ்டி, டாட் டாக் எல்லாம் எதுக்கு அவர்களைக் குழப்ப வேண்டும் என்று நினைத்தார்கள். சிஸ்டத்துக்குத் தெரிந்த வகை என்றால் வாலை மறைத்துவிடு என்பதை டீஃபால்ட் செட்டிங் ஆக்கினார்கள்.

யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் தொடர்ந்து அந்த வாலை நம்பித்தான் முடிவெடுக்கிறது. அதை மாத்தலை. நம்ம கண்ணுக்குத் தெரியாம பண்ணாங்க, அவ்வளவுதான். டாக்டர் அதே டாக்டர், உள்ளே அனுப்புவதும் அதே போர்டைப் பார்த்துத்தான், ஆனா நோயாளிக்கு மட்டும் போர்டு தெரியாது.

காதல் கடிதம்

ஐந்து வருஷம் கழித்து, 2000 மே 4. உலகம் முழுக்க இன்பாக்ஸ்களில் ஐ லவ் யூ என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் தெரிந்த ஆள். கூடவே ஓர் அட்டாச்மென்ட். அதன் முழுப் பேர் லவ் லெட்டர் ஃபார் யூ, டாட் டிஎக்ஸ்டி, டாட் விபிஎஸ்.

இரண்டு வால்! விண்டோஸ் கணக்கில் கடைசி வால்தான் நிஜம். விபிஎஸ் என்றால் விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட், அதாவது இயங்கக்கூடிய புரோகிராம். அது சிஸ்டத்துக்குத் தெரிந்த வகை என்பதால், வாலை மறைக்கும் செட்டிங் இருந்த கம்ப்யூட்டர்களில் அது மறைந்துவிடும். மிச்சம் தெரிவது லவ் லெட்டர் ஃபார் யூ டாட் டிஎக்ஸ்டி. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், படிச்சா என்ன ஆகிடப் போகுது?

கிளிக் செய்ததும் அது அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை தன் மெயில் சிஸ்டத்தை நிறுத்தி வைத்தது. பென்டகனிலும் பாதிப்பு.

இதில் எனக்கு ரொம்ப உறைத்த விஷயம் ஒன்று. உள்ளே போன வைரஸ் எதை அழிக்கலாம் என்று தேடியது எப்படித் தெரியுமா? அதுவும் வாலைப் பார்த்துத்தான். ஜேபிஜி என்று முடிந்தால், அந்தப் படத்தின் மேல் தன் கோடை எழுதியது. எத்தனை வீட்டின் குடும்பப் போட்டோக்கள் அப்படிப் போயிருக்கும்! எம்பி3 என்று முடிந்தால், அதை மறைத்து வைத்து, அதே பேரில் தன் நகலை வைத்தது. பாட்டு கேட்கலாம் என்று கிளிக் செய்தால் வைரஸ் மறுபடி ஓடும்.

இது புறப்பட்ட இடம் பிலிப்பைன்ஸின் மணிலா. எழுதியவர் ஓனல் டி குஸ்மான். அன்றைக்கு அந்த நாட்டில் வைரஸ் எழுதுவதற்கு எதிரான சட்டமே இல்லை, அதனால் வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாசமே சட்டம் கொண்டுவந்தார்கள், ஆனா பழைய செயலுக்கு அது பொருந்தாது. இருபது வருஷம் கழித்து, 2020-ல் வெளியான ஒரு பேட்டியில் தான்தான் எழுதியதாக அவரே ஒப்புக்கொண்டார்.

மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்குக்கு ஓர் அப்டேட் கொடுத்தது. விபிஎஸ், இஎக்ஸ்இ மாதிரி சில வால்கள் இருந்தால் அட்டாச்மென்ட்டைத் தடுத்துவிடும். பார்த்தீங்களா, பாதுகாப்பும் வாலை நம்பித்தான். நமக்கு வாலை மறைக்கும் அந்த டீஃபால்ட்? விண்டோஸ் 11 வரைக்கும் அப்படியே இருக்கிறது.

அப்போ உள்ளே பார்த்தா போதுமா?

நானும் அப்படித்தான் நினைச்சேன். யுனிக்ஸ்காரங்க சொன்னதுதான் சரி, பேரைத் தூக்கிப் போடுங்க, முதல் பைட்டைப் பாருங்க என்று. பல இடத்தில் அது வேலை செய்யும். டாஸ் இஎக்ஸ்இ ஃபைல் திறந்தால் முதல் இரண்டு எழுத்து எம்இசட். மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல். ஸிப் ஃபைல் என்றால் பிகே, அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல்.

இப்போ ட்விஸ்ட். இன்றைய வேர்ட் ஃபைல், டாக்எக்ஸ், உள்ளுக்குள் ஒரு ஸிப். அதுவும் பிகே என்றுதான் ஆரம்பிக்கும். ஆண்ட்ராய்டு ஏபிகே-யும் உள்ளுக்குள் ஸிப்தான். அதுவும் பிகே. அதாவது நிஜமாகவே வேர்டில் டைப் செய்த கல்யாணப் பத்திரிகையும், பெரியப்பாவுக்கு வந்த அந்தத் திருட்டு ஆப்பும், முதல் இரண்டு எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும். இன்னும் ஆழமாகத் தோண்டினால் வித்தியாசம் தெரியும், ஆனா அதை ஒரு சாதாரண மனுஷன் செய்ய முடியாது. அவர் கண்ணுக்கு எட்டுகிற ஒரே துப்பு அந்த மூணு எழுத்துதான்.

வால் உண்மையைச் சொல்லும்போதுகூட அதைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020 செப்டம்பர் கடைசி, கோவிட் காலம். இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு, லேப்களில் இருந்து வரும் ரிசல்ட்டை எக்ஸ்எல்எஸ் என்ற பழைய எக்ஸெல் வகையில் சேர்த்துக்கொண்டிருந்தது. அதில் 65,536 வரிசைதான் கொள்ளும். 2007-ல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் பத்து லட்சத்துக்கும் மேல் கொள்ளும். வாலில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இடம் நிரம்பியது, அதற்கு மேல் வந்ததெல்லாம் சத்தமில்லாமல் விழுந்துபோனது. 15,841 பாசிட்டிவ் ரிசல்ட் தினசரிக் கணக்கில் விடுபட்டது. அவர்களுக்கு அவரவர் ரிசல்ட் போய்ச் சேர்ந்தது, ஆனா அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தள்ளிப்போனது. கோவிடில் பல நாள் என்பது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பெரியப்பாவுக்கான பதில்

போன வாரம் ஊருக்குப் போனப்போ பெரியப்பாகிட்ட உட்கார்ந்து முழுசாச் சொன்னேன்.

யார் வேணா போடலாமா? போடலாம். அதைப் போடுறவங்க நேர்மையை நம்பித்தான் இந்த ஏற்பாடு தொடங்குச்சு, ஏன்னா அப்போ போடுறவரும் படிக்கிறவரும் ஒரே ரூம்ல இருந்தாங்க. கம்ப்யூட்டர் அதை நம்புதா? பெரும்பாலும் நம்புது. உங்க போன்ல ஏபிகே-ன்னு பார்த்ததும் இன்ஸ்டால் பண்ணவான்னு கேட்டது அதனாலதான். நாம நம்பலாமா? போர்டைப் படிக்கிற அளவுக்கு நம்பலாம், ஊசி போட்டுக்கிற அளவுக்கு நம்பக் கூடாது. பத்திரிகைன்னு சொல்லிட்டு வால் வேற சொன்னா, கதவுகிட்டயே நின்னுடணும்.

கேட்டுட்டு அவர் சொன்னார்: "அப்போ நான் சரியாத்தான்டா கேட்டிருக்கேன். பத்திரிகையை எதுக்கு இன்ஸ்டால் பண்ணணும்?"

ஆமா பெரியப்பா. அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரியாமலேயே, பேரும் வேலையும் ஒத்துப்போகலன்னு உங்களுக்குத் தெரிஞ்சது. 2000-ல் காதல் கடிதத்தைத் திறந்த பல பேருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கல, ஏன்னா அவங்ககிட்ட இருந்து வாலை மறைச்சு வெச்சிருந்தாங்க.

அதனால, நண்பர்களே, இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. விண்டோஸ் 11 லேப்டாப் இருந்தா ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறங்க. மேலே வியூ, அதுக்குள்ள ஷோ, அதுக்குள்ள ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். டிக் பண்ணுங்க. அரை நிமிஷ வேலை. உங்க லேப்டாப்ல முடிச்சதும் அப்பா, அம்மா கம்ப்யூட்டர்லயும் பண்ணிட்டு, அந்த மூணு எழுத்து என்னன்னு அவங்களுக்கும் உட்கார்ந்து சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.